தனக்குள் தன்னை நகலெடுக்கும் அட்டவணை

ஒரு புதிரில் தொடங்கலாம். தரவுத்தளம் ஒன்றில் 'சந்தா' என்றோர் அட்டவணை இருக்கிறது. ஒரு பத்திரிகையின் சந்தாதாரர் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு வரி, மொத்தம் 10 வரிகள். ஒவ்வொரு வரியிலும் பெயர், ஊர், கைபேசி எண் என்று சில புலங்கள். இப்போது தரவுத்தளத்துக்கு எஸ்க்யூஎல் மொழியில் இந்தக் கட்டளையைக் கொடுக்கிறோம்:

இன்செர்ட் இன்டு சந்தா செலக்ட் * ஃப்ரம் சந்தா;

நட்சத்திரக் குறி என்றால் எல்லாப் புலங்களும் என்று பொருள். சந்தா அட்டவணையில் இருப்பதை எல்லாம் எடுத்து, அதே சந்தா அட்டவணையில் சேர்க்கச் சொல்கிறோம். வேலை முடிந்தபின் அதில் எத்தனை வரிகள் இருக்கும்?

20 என்று யோசிக்காமலே சொல்லிவிடுவோம். விடை சரிதான். ஆனால் அந்த 20 தானாக அமைந்துவிடவில்லை. ஒரு கணக்குப்பிள்ளையிடம் இதே வேலையைக் கொடுத்துப் பாருங்கள். "இந்தப் பேரேட்டில் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள், படித்ததை இதே பேரேட்டின் கடைசியில் எழுதுங்கள், வரி தீரும்வரை விடாதீர்கள்." அவர் முதல் வரியைப் படித்து 11-ஆவது வரியாக எழுதுவார். 10-ஆவது வரியைப் படித்து 20-ஆவது வரியாக எழுதுவார். அடுத்து வரி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கிறது, அவரே எழுதிய 11-ஆவது வரி. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவராக இருந்தால் மனிதர் அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது.

கணினியும் அடியில் வரி வரியாகப் படித்து எழுதுகிற இயந்திரம்தான். அதன் போக்கில் விட்டால் கிடைக்கும் விடை, 'வட்டு நிரம்பும்வரை'. கணிதம் படித்தவரைக் கேட்டாலோ வேறொரு விடை சொல்வார்: 10. ஓர் அட்டவணையை அதனோடே சேர்த்தால் ஒன்றுமே மாறாது என்பார் அவர். முடிவிலி, 10, 20 என்ற இந்த மூன்று விடைகளுக்கு நடுவில்தான் தரவுத்தளங்களின் கதை நடக்கிறது.

முதலில் அந்த 10. அதைச் சொல்லியிருக்கக்கூடியவர் எட்கர் கோட். இங்கிலாந்தில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியாக இருந்து, பிறகு அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்த கணிதவியலர். 1970 ஜூனில், பலரும் பகிர்ந்துகொள்ளும் பெரிய தரவு வங்கிகளுக்கு ஓர் 'உறவுநிலை' மாதிரியை முன்வைத்து 11 பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதுவரை தரவுத்தளம் என்றால் ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்குக் கோடு பிடித்து நடக்கும் ஏற்பாடு. சந்திரனுக்குப் போன அப்போலோ திட்டத்தின் எண்ணற்ற உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க உருவான ஐஎம்எஸ் அந்த வகைதான். நிரலர் என்பவர் தரவுக் கடலில் வழி கண்டு ஓட்டுகிற மாலுமி என்று தரவுத்தள முன்னோடி சார்லஸ் பாக்மன் தம் 1973 டூரிங் விருது உரையில் பெருமையாகவே பேசினார். அந்த உலகத்தில் ஒரு தொகுப்பை இன்னோர் இடத்தில் நகலெடுக்க வேண்டுமென்றால், 'அடுத்ததை எடு, எழுது, அடுத்ததை எடு' என்று சுற்றிச் சுற்றி வரும் ஒரு நிரலையே உட்கார்ந்து எழுத வேண்டும்.

கோட் அந்தச் சுற்றலை ஒரேயடியாகத் தூக்கிப் போட்டார். அவருக்கு அட்டவணை என்பது ஒரு கணம். பள்ளியில் படித்தோமே, ஒன்றிப்பு, வெட்டு என்று, அந்தக் கணம். கணத்தின் உறுப்புகளுக்கு முன்பின் கிடையாது. ஒரே உறுப்பு இரண்டு முறை இருக்கவும் முடியாது. ஒரு கணத்தை அதனோடே ஒன்றித்தால் அதே கணம்தான் கிடைக்கும். ஆகவே 10.

இந்த எண்ணத்தைச் சாதாரணமானவர்களும் தட்டெழுதக்கூடிய மொழியாக மாற்றியவர்கள் ஐபிஎம்மின் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும். 1974-இல் 'சீக்வல்' என்ற பெயரில் அதை அறிமுகம் செய்தார்கள். அதே ஆண்டில் பாய்ஸ் மூளை இரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. 'சீக்வல்' என்ற பெயர் ஏற்கெனவே ஒரு பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் வணிகக் குறி என்று தெரியவந்ததும் 'எஸ்க்யூஎல்' என்று சுருக்கிக்கொண்டார்கள். இன்றும் பலர் அதைச் சீக்வல் என்றுதான் உச்சரிக்கிறார்கள்.

அவர்கள் கோட்டின் கணிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே மாதிரி வரிகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சல்லடை போட்டுப் பார்க்க நேரமும் செலவும் ஆகும். அதனால் இரட்டைகளை அனுமதித்துவிட்டு, வேண்டாமென்றால் 'டிஸ்டிங்ட்' என்று எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். கோட் இதை ஏற்கவே இல்லை. எஸ்க்யூஎல்லின் கொடிய குறைகள் என்று 1988-இல் கட்டுரையே எழுதினார். இரட்டை வரிகளை அனுமதித்தது அதில் ஒன்று. அவர் பக்கம் நியாயம் உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரே உண்மையை இரண்டு முறை எழுதி வைப்பதால் யாருக்கு என்ன லாபம்? ஆனால் உலகம் சேம்பர்லின் பக்கம் போய்விட்டது. 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனமும் மறு ஆண்டு பன்னாட்டுத் தர நிறுவனமும் எஸ்க்யூஎல்லுக்கு முத்திரை குத்தின.

ஆக, 20 என்ற விடை இயந்திரத்தின் இயல்பும் இல்லை, கணிதத்தின் முடிவும் இல்லை. அது ஒரு வாக்குறுதி. கட்டளை தொடங்கும்போது அட்டவணை எப்படி இருந்ததோ அதைத்தான் படிப்பேன்; நானே நடுவில் எழுதியது என் கண்ணில் படாது. நகலெடுக்கும் ஒவ்வொரு கட்டளையின் அடியிலும் இந்த வாக்குறுதி இருக்கிறது. எதை, எங்கிருந்து, எங்கே என்று நாம் எழுதுகிறோம். எந்த நேரத்து நிலவரத்தை என்பது எழுதப்படாமலே கூட வருகிறது.

இந்த வாக்குறுதி மீறப்பட்டால் என்ன ஆகும் என்பது எஸ்க்யூஎல்லின் குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிட்டது. 1970-களின் நடுவில், சான் ஹோசே நகரின் ஐபிஎம் ஆய்வகத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற முன்மாதிரித் தரவுத்தளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே சேம்பர்லின், பாட் செலிங்கர், மார்ட்டன் ஆஸ்ட்ரஹான் மூவரும் கண்டுபிடித்த கோளாறு இது. ஆண்டுச் சம்பளம் 25,000 டாலருக்குக் குறைவாக உள்ள எல்லா ஊழியர்களுக்கும் 10 சதவீத உயர்வு கொடு என்று ஒரு கட்டளை. தரவுத்தளம் முணுமுணுக்காமல் செய்து முடித்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. முடிவைத் திறந்து பார்த்தால், 25,000-க்குக் கீழே ஒருவர்கூட இல்லை!

காரணம் இன்டெக்ஸ். வரிகளை வேகமாகத் தேடுவதற்காகச் சம்பளத்தின் ஏறுவரிசையில் ஓர் இன்டெக்ஸ் இருந்தது. தரவுத்தளம் அதன் கீழ்முனையிலிருந்து மேலே ஏறிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் உயர்வு கொடுத்தது. 10,000 வாங்கியவரின் சம்பளம் 11,000 ஆனதும் இன்டெக்ஸில் அவருடைய இடம் மேலே நகர்ந்தது. ஏறி வருகிற தேடல் சற்றுப் பொறுத்து 11,000-ஐ எட்டும்போது அவரே மறுபடி எதிரே நிற்கிறார். இன்னமும் 25,000-க்குக் கீழேதான் இருக்கிறார். கொடு 10 சதவீதம். இப்படியே 12,100, 13,310 என்று 9 உயர்வுகளில் 23,579-க்கு வந்து, 10-ஆவது உயர்வில் 25,937-ஐத் தொட்டதும்தான் அவரை விட்டது. 24,000 வாங்கியவருக்கோ ஒரே ஓர் உயர்வுதான், 26,400. நிறுவனத்தின் அடிமட்ட ஊழியரும் நடுநிலை ஊழியரும் ஏறக்குறைய ஒரே சம்பளத்தில் வந்து நின்றார்கள். தொழிற்சங்கம் கண்ட கனவு, ஒரு பிழையால் நனவானது.

கோளாறு கண்ணில் பட்டது அக்டோபர் 31 அன்று. மேற்கு நாடுகளில் அது ஹாலோவீன், பேய் வேடமிட்டுப் பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்கும் நாள். அதனால் இன்றைக்கும் இதற்கு ஹாலோவீன் சிக்கல் என்றுதான் பெயர். பேய்க்கும் இதற்கும் வேறு தொடர்பு இல்லை. தன்னையே தன்னுள் நகலெடுக்கும் நம் சந்தா அட்டவணைக்கு நேரக்கூடியதும் இதே சிக்கல்தான்; வரி இடம் மாறுவதற்குப் பதிலாகப் புதிதாகப் பிறக்கிறது, அவ்வளவே.

தீர்வு கேட்பதற்கு எளிது. படிப்பதை முழுக்க முடி, பிறகு எழுது. இதை ஒவ்வொரு தரவுத்தளமும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. மைஎஸ்க்யூஎல், படித்த வரிகளை எல்லாம் ஒரு தற்காலிக அட்டவணையில் கொட்டி வைத்துவிட்டு, அதிலிருந்து எடுத்து எழுதுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர், ஆபத்து இருக்கிறது என்று அதன் திட்டமிடும் பகுதி கருதும் இடங்களில் மட்டும் 'ஈகர் ஸ்பூல்' என்ற இடைத்தொட்டியை நுழைக்கிறது. கடைசி வரி உள்ளே விழும்வரை முதல் வரியை அது வெளியே விடாது. போஸ்ட்கிரஸ் வேறு வழியில் போகிறது. அதில் ஒவ்வொரு வரியும் தன்னை எந்த டிரான்சாக்‌ஷன் (சேர்ந்தே நடக்க வேண்டிய கட்டளைகளின் தொகுப்பு), அதிலும் எத்தனையாவது கட்டளை எழுதியது என்ற குறிப்போடு பிறக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கட்டளை, தன் எண்ணையே சுமந்து நிற்கும் வரிகளைப் பார்த்தால் தாண்டிப் போய்விடும். இது எனக்குப் பிடித்த தீர்வு, தனியாக எங்கேயும் கொட்டி வைக்க வேண்டியதில்லை.

இந்த நம்பிக்கையின் மேல் நின்று மென்பொருள் சோதனைக்காரர்கள் ஒரு வித்தை செய்வார்கள். 10 வரி உள்ள அட்டவணையில் மேலே சொன்ன கட்டளையை 20 முறை திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள். 10, 20, 40 என்று இரட்டித்து, கடைசியில் 1,04,85,760 வரிகள். ஒரு கோடி வரி உள்ள அட்டவணை எப்படி ஓடுகிறது என்று பார்க்க, ஒரு கோடி வரியைத் தட்டெழுத வேண்டாம் அல்லவா? ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளமாகப் பிரைமரி கீ இருக்கும் அட்டவணையில் இந்த வித்தை முதல் முறையே முரண்டு பிடிக்கும். ஒரே எண்ணோடு இரண்டு வரிகளைப் பிரைமரி கீ அனுமதிக்காது. கோட்டின் கணிதம் அந்தச் சின்ன மூலையில் இன்னும் காவல் இருக்கிறது என்று சொல்லலாம்.

அன்றாட வேலையில் யாரும் ஓர் அட்டவணையை அதற்குள்ளேயே போட்டுக்கொள்வதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எடுப்பார்கள். புதிய அட்டவணை வேண்டுமென்றால் 'கிரியேட் டேபிள் புதுசந்தா ஆஸ் செலக்ட் * ஃப்ரம் சந்தா' என்று எழுதினால் போதும். எஸ்க்யூஎல் சர்வரில் இதையே 'செலக்ட் இன்டு' என்று எழுதுவார்கள். ஒரு நொடியில் அதே புலங்கள், அதே வரிகள். பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஆனால் அசலின் ஒழுங்குகள் இருக்காது. பிரைமரி கீ வந்திருக்காது, இன்டெக்ஸ்கள் வந்திருக்காது, இந்தப் புலத்தில் உள்ள ஊர் எண் ஊர்கள் அட்டவணையிலும் இருந்தே தீர வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகளும் வந்திருக்காது. செலக்ட் தருவது வரிகளைத்தான். அந்த வரிகள் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தன என்பது வரிகளுக்குள் எழுதியிருப்பதில்லை.

சட்டங்களையும் சேர்த்து எடுக்க 'லைக்' என்று தனி வழி உண்டு. அதிலும் ஒரு வேடிக்கை. போஸ்ட்கிரஸில் வரிக்கு வரி எண் கொடுக்கும் 'சீரியல்' புலம் உள்ள அட்டவணையை, இயல்மதிப்புகளோடு லைக் போட்டு எடுத்தால், நகலும் அசலும் ஒரே எண் வழங்கியைப் பகிர்ந்துகொள்ளும். அசலில் 501 போனால் நகலில் 502 வரும். பழையது எதற்கு என்று அசலை அழிக்கப் போனால் தரவுத்தளம் தடுக்கும். அதன் எண் வழங்கியை நம்பி இன்னோர் அட்டவணை இருக்கிறதே!

ஏற்கெனவே இருக்கும் அட்டவணைக்குள் எடுக்கும்போது வேறொரு கண்ணி காத்திருக்கிறது. இன்செர்ட் கட்டளை புலங்களைப் பெயர் பார்த்துப் பொருத்துவதில்லை, இடம் பார்த்துப் பொருத்துகிறது. பழைய அட்டவணையில் பெயர், ஊர், கைபேசி என்ற வரிசை; புதியதில் பெயர், கைபேசி, ஊர் என்ற வரிசை. நட்சத்திரம் போட்டு எடுத்தால் மதுரை போய்க் கைபேசி எண்ணின் இடத்தில் உட்காரும். இரண்டு புலங்களும் எழுத்து வகையாக இருந்துவிட்டால் தரவுத்தளத்துக்குச் சந்தேகம் எழவே வழியில்லை. அதனால்தான் அனுபவசாலிகள் சோம்பல் பாராமல் இரண்டு பக்கமும் புலங்களின் பெயர்களை எழுதுவார்கள். நட்சத்திரம் திரையில் பார்ப்பதற்கு. ஓர் அட்டவணையில் எழுதி வைப்பதற்கு அல்ல.

தமிழ்ப் பெயர்கள் உள்ள அட்டவணை என்றால் நீளத்தையும் பார்க்க வேண்டும். பொன்னுசாமி என்பது நம் கணக்கில் 5 எழுத்து. யூனிகோடு கணக்கில் 10 குறிகள்: ப, ஒகரக் குறி, ன, புள்ளி என்று ஒவ்வொன்றும் தனி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 30 பைட். ஆரக்கிள் தரவுத்தளத்தில் 20 நீளம் என்று சும்மா அறிவித்த புலம், இயல்பாகப் பைட்டைத்தான் எண்ணும். பொன்னுசாமி அதில் நுழைய மாட்டார், பிழைச் செய்தி வரும். பிழை வருவது நல்லது. மைஎஸ்க்யூஎல் முன்பெல்லாம் கண்டிப்பு முறையை நாமே இயக்காவிட்டால், நீளமானதை வெட்டிப் போட்டுவிட்டு ஓர் எச்சரிக்கையோடு நகர்ந்துவிடும். பெயர் 5 எழுத்துதானே என்று 5 நீளம் கொடுத்திருந்தால் நகலில் 'பொன்ன' என்று நிற்கும். 2015-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் கண்டிப்பு அதன் இயல்பானது. இன்னொன்று, கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் 'பொ' என்ற எழுத்தை ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், முன்னே எகரக் குறி பின்னே துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். பைட் பைட்டாக ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள்.

அதனால் ஏற்கெனவே வந்துவிட்டவர்களை விட்டு மற்றவர்களை மட்டும் எடு என்பது தோன்றுகிற அளவுக்கு எளிய வேலை இல்லை. பலரும் அதை 'நாட் இன்' என்று எழுதுவார்கள்: புதிய அட்டவணையின் கைபேசி எண்களில் இல்லாத எண் உடையவர்களை எடு. புதிய அட்டவணையில் ஒரே ஒருவருடைய கைபேசி எண் தெரியாமல் 'நல்' என்று இருந்தால் போதும், ஒரு வரிகூட வராது. நல் என்றால் தெரியாதது. செல்வி என்ற சந்தாதாரரின் எண் அந்தப் பட்டியலில் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியுமா? தெரியாமல் இருக்கும் அந்த ஒன்று அவளுடையதாகவே இருக்கலாமே! இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாத எல்லாரையும் தரவுத்தளம் விட்டுவிடும், ஆக எல்லாரையுமே விட்டுவிடும். '0 வரிகள் சேர்ந்தன' என்று வரும், பிழை இல்லை. 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று எழுதினால் இந்த வம்பு இல்லை.

இனி நேரத்துக்குத் திரும்புவோம். இதுவரை பார்த்த சிக்கல்களில் கட்டளை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. உண்மையில் அதே அட்டவணையில் அதே விநாடி நூறு பேர் எழுதிக்கொண்டிருப்பார்கள். நகலெடுக்க 10 நிமிடம் ஆகிறது என்றால் எந்த நிமிடத்து நகல்?

ஆரக்கிள் இதற்குத் தெளிவாக ஒரு பதில் வைத்திருக்கிறது: கட்டளை தொடங்கிய நொடி. நடுவில் யாராவது ஒரு வரியை மாற்றியிருந்தால், மாற்றத்துக்கு முந்தைய மதிப்பை 'அண்டூ' என்ற இடத்திலிருந்து தோண்டி எடுத்து, அந்த வரியின் பழைய உருவத்தைக் கட்டிக் காட்டும். அந்த இடம் எல்லையற்றது அல்ல. நகலெடுப்பு மணிக்கணக்கில் நீண்டு, அதற்குள் பழைய மதிப்புகளின் மேல் புதியவை எழுதப்பட்டுவிட்டால், 'ஸ்னாப்ஷாட் டூ ஓல்ட்' என்ற செய்தியோடு கட்டளை நிற்கும். 01555 என்ற அந்தப் பிழை எண்ணை ஆரக்கிளோடு வாழ்ந்தவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். நீ கேட்கும் கடந்த காலம் இப்போது என்னிடம் இல்லை என்று ஓர் இயந்திரம் ஒப்புக்கொள்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. கலந்து கட்டிய நகலைத் தந்துவிட்டுச் சும்மா இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி வேறு மாதிரி. அதன் இயல்பான அமைப்பில், இன்செர்ட்டோடு சேர்ந்து வரும் செலக்ட், தான் படிக்கும் வரிகளையும் பூட்டி வைக்கும். படிக்கத்தானே செய்கிறேன் என்று நினைத்து மத்தியான நேரத்தில் பெரிய அட்டவணை ஒன்றை நகலெடுக்கத் தொடங்கினால், அதில் திருத்தம் செய்ய வருகிற எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். இது வீம்பு இல்லை. மைஎஸ்க்யூஎல்லில் துணைக் கணினிகளுக்குக் கட்டளையையே அனுப்பி, அதை அங்கே மறுபடி ஓட்டும் முறை ஒன்று உண்டு. அங்கேயும் அதே விடை வர வேண்டுமானால் மூலம் நடுவில் மாறக் கூடாது.

பழைய வரிகளைக் காப்பகத்துக்கு மாற்றும் வேலையில் நேரம் மிகவும் வஞ்சகமாக விளையாடும். காலாவதியான சந்தாக்களைக் காப்பக அட்டவணையில் எழுது, பிறகு அதே நிபந்தனையோடு மூலத்திலிருந்து அழி. இரண்டு கட்டளை. இரண்டுக்கும் நடுவில் யாரோ ஒருவர் இன்னொரு சந்தாவைக் காலாவதி என்று குறிக்கிறார். அது காப்பகத்துக்குப் போகவில்லை, ஆனால் அழிக்கும் கட்டளையின் நிபந்தனைக்குள் வந்துவிட்டது. ஒரு வரி இரண்டு இடத்திலும் இல்லாமல் மறைந்துபோகும். இரண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்தால் சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். டிரான்சாக்‌ஷன் உறுதியளிப்பது, இரண்டும் நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது என்பதை. போஸ்ட்கிரஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றிலும் இயல்பான நிலை 'ரீட் கமிட்டெட்'. அதில் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் இருந்தாலும் ஒவ்வொரு கட்டளையும் தான் ஓடும் நேரத்து உலகத்தையே பார்க்கும். இரண்டு கட்டளை, இரண்டு உலகம்.

போஸ்ட்கிரஸ் 2011-இல் வந்த 9.1 பதிப்பில் இதற்கு அழகான வழி திறந்தது. அழிக்கும் கட்டளையே தான் அழித்த வரிகளைத் திருப்பித் தரும். அதை வாங்கிக் காப்பகத்தில் எழுதும் இன்செர்ட்டும் அதே கட்டளைக்குள் இருக்கும். எது அழிந்ததோ அதுவேதான் எழுதப்படுகிறது. நடுவில் புக இடமில்லை. எஸ்க்யூஎல் சர்வரில் டெலீட்டோடு 'அவுட்புட் இன்டு' சேர்த்து இதையே செய்யலாம்.

ஒரே கட்டளை, ஒரே நேரம் என்ற இந்த ஏற்பாடு அட்டவணை மிகப் பெரிதாகும்போது உடைகிறது. கோடிக்கணக்கான வரிகளை ஒரே மூச்சில் நகலெடுத்தால் பூட்டுகள் குவியும், அண்டூ வீங்கும், முக்கால்வாசியில் ஏதாவது தடங்கல் வந்தால் செய்ததை எல்லாம் திருப்பிக்கொள்ளவே வெகுநேரம் ஆகும். அதனால் ஆயிரம் ஆயிரம் வரியாகத் துண்டு போடுகிறார்கள். துண்டு போட்டதும் பழைய வாக்குறுதி போய்விடுகிறது. முதல் துண்டு காலை 9 மணி நிலவரம், கடைசித் துண்டு மாலை 5 மணி நிலவரம். எந்த ஒரு நொடியிலும் அசல் அட்டவணை அந்த நகலைப் போல இருந்ததே இல்லை.

கிட்ஹப் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட, 'கோஸ்ட்' என்று உச்சரிக்கும் கருவி இந்த இடத்தில் செய்வது எனக்கு மிகவும் பிடித்த பொறியியல். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய மைஎஸ்க்யூஎல் அட்டவணையின் அமைப்பை மாற்ற வேண்டும், சேவையை நிறுத்தக் கூடாது. கருவி முதலில் புதிய அமைப்போடு ஒரு வெற்று அட்டவணையை உருவாக்குகிறது. பிறகு இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. ஒன்று, அசலிலிருந்து துண்டு துண்டாக வரிகளை நகலெடுப்பது. துண்டுக்கு இயல்பாக 1,000 வரி. மற்றொன்று, மைஎஸ்க்யூஎல் தன் எல்லா மாற்றங்களையும் எழுதிக்கொண்டே போகும் 'பின்லாக்' குறிப்பைப் படித்து, அசலில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் நகலிலும் செய்வது. இதற்கு முந்தைய கருவிகள், ஃபேஸ்புக்கினுடையதும் பெர்கோனாவினுடையதும், மாற்றங்களைப் பிடிக்க அசல் அட்டவணையிலேயே டிரிக்கர்களை, அதாவது மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் கட்டளைகளை, கட்டி வைத்தன. அசலில் எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாரம் கூடவே வந்தது. இது அசலைத் தொடாமல் குறிப்பை மட்டும் படிக்கிறது.

இரண்டு ஓடைகள் ஒரே அட்டவணையில் கலக்கும்போது எது எதை வெல்ல வேண்டும்? நகலெடுக்கும் பக்கம் 'இன்செர்ட் இக்னோர்' பயன்படுத்துகிறது: வரி ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு. குறிப்பைப் பின்தொடரும் பக்கம், புதிய வரிக்கு 'ரீப்ளேஸ் இன்டு' பயன்படுத்துகிறது: இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதை எழுது. இருக்கும் வரி மாறினால் 'அப்டேட்': நகலில் இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் விடு. செல்வி தன் ஊரை மதுரையிலிருந்து கோவைக்கு மாற்றுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய துண்டு ஏற்கெனவே நகலாகியிருந்தால், குறிப்பிலிருந்து வரும் கோவை, மதுரையை அழித்து எழுதும். துண்டு இன்னும் வரவில்லை என்றால் மாற்றுவதற்கு அங்கே வரி இருக்காது, குறிப்பு ஒன்றும் செய்யாமல் கடந்துபோகும். பின்னால் வரும் துண்டு அசலிலிருந்து கோவையையே எடுத்து வரும். கோவைக்குப் பிறகு சேலத்துக்கும் அவள் மாறியிருந்து, குறிப்பு இன்னும் பின்தங்கியிருக்கும்போது துண்டு நேரே சேலத்தை எடுத்து வந்துவிட்டால்? குறிப்பு வந்து அவளைக் கொஞ்ச நேரம் கோவைக்குத் திருப்பி அனுப்பும். அடுத்த பதிவு சேலத்துக்கே கொண்டு வந்து சேர்க்கும். அவள் சந்தாவையே நிறுத்தி, துண்டு வருமுன் வரி அழிந்திருந்தால், துண்டுக்கு எடுக்க ஒன்றும் இருக்காது, குறிப்புக்கு அழிக்க ஒன்றும் இருக்காது. எந்தத் துண்டு எந்த மணியில் எடுக்கப்பட்டது என்ற கேள்வி இப்படிப் பொருளற்றுப் போகிறது.

எல்லாத் துண்டுகளும் முடிந்து, குறிப்பும் கிட்டத்தட்ட நிகழ்காலத்தை எட்டியதும், அசல் அட்டவணை மிகச் சிறிது நேரம் பூட்டப்படுகிறது. எழுத வந்தவர்கள் காத்திருக்கிறார்கள். குறிப்பில் மீதமிருக்கும் கடைசி மாற்றங்கள் நகலில் எழுதப்படுகின்றன. பிறகு ஒரே பெயர்மாற்றக் கட்டளை. நகல் 'சந்தா' ஆகிறது, அசல் வேறு பெயருக்குப் போகிறது. காத்திருந்த கட்டளைகள் புதிய அட்டவணையில் போய் விழுகின்றன. பூட்டு சில விநாடிகளுக்குள் கிடைக்காவிட்டால் கருவி பின்வாங்கி, சற்றுப் பொறுத்து மறுபடி முயலும். பழைய அட்டவணை எல்லா வரிகளோடும் 'டெல்' என்ற பின்னொட்டோடு அங்கேயே கிடக்கும். அழிக்கலாம் என்று தனியே அனுமதி தந்தால் ஒழிய, கருவி அதில் கை வைப்பதில்லை.